நனைந்த தானியமும் தேய்ந்த பிரேக்கும்

(மாங்காட்டில் நிகழ்த்தப்பட்ட ஜும்ஆ உரையின் எழுத்து வடிவம்)

எல்லாப் புகழும் அகிலங்களைப் படைத்துப் பரிபாலிக்கும் அல்லாஹ்வுக்கே! ஸலவாத்தும் ஸலாமும் நம் உயிரினும் மேலான நபி முஹம்மது முஸ்தஃபா (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக!

 

போன வாரம் ஒரு நாள் இஷா தொழுகை முடிந்து எல்லோரும் போன பிறகு ஒரு தம்பி மட்டும் தூணோரம் உட்கார்ந்திருந்தார். டாக்ஸி ஓட்டுகிறவர். வண்டி அவருடையது அல்ல. ஓனருக்குத் தினமும் வாடகை கட்டிவிட்டு, காஸுக்கும் கொடுத்துவிட்டு, மிச்சம் நிற்பதில்தான் அவர் குடும்பம் ஓடுகிறது. அவர் கேட்டார்:

"ஹஸ்ரத், வண்டியில பிரேக் சரியில்ல. மிதிச்சா கீழ வரைக்கும் போகுது. ஓனர்கிட்ட சொன்னேன், அடுத்த மாசம் பாத்துக்கலாம்கிறாரு. ஓட்ட மாட்டேன்னா வேற ஆள் போட்டுக்குவேன்கிறாரு. இந்த வண்டியில ஆளை ஏத்தி நான் சம்பாதிக்கிறது ஹலாலா?"

எனக்கு அன்று அசதி. "வாகனத்தில் ஏறும்போது ஓதுகிற துஆவை விடாமல் ஓதுங்கள் தம்பி, அல்லாஹ் பாதுகாப்பான்" என்று சொல்லிவிட்டு எழுந்தேன். அவர் மரியாதையாகத்தான் பதில் சொன்னார்: "துஆ ஓதிட்டுத்தான் ஹஸ்ரத் எடுக்கிறேன். பிரேக் பிடிக்கலையே."

சகோதரர்களே, அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அவர் கேட்டது ஒரு மஸ்அலா. நான் கொடுத்தது ஆறுதல் வார்த்தை. ஏழு வருடம் அரபிக் கல்லூரியில் வியாபாரச் சட்டமும் வாடகைச் சட்டமும் ஓதிய ஒருவன், அந்தக் கேள்விக்குக் கிதாபைத் திறக்காமல் எழுந்து போய்விட்டான். அதற்காக முதலில் அல்லாஹ்விடம் பாவமன்னிப்புக் கேட்டுக்கொண்டேன். அந்தத் தம்பியிடமும் மறுநாள் மன்னிப்புக் கேட்டேன். அவர் அனுமதியோடு, பெயர் சொல்லாமல், அந்தக் கேள்வியை இன்று உங்கள் முன் வைக்கிறேன்.

இது அவர் ஒருவரின் கேள்வி அல்ல. தொழுதுவிட்டு வெளியே போகும்போது தெருவில் நிற்கிற வண்டிகளைப் பாருங்கள். மஞ்சள் நம்பர் பிளேட் எத்தனை என்று எண்ணுங்கள். போரூரிலும் வளசரவாக்கத்திலும் வாடகை கட்டுப்படியாகாமல் மாங்காட்டுக்கும் பட்டூருக்கும் குன்றத்தூருக்கும் குடிவந்த டிரைவர்கள் இந்த ஜமாஅத்தில் நிறையப் பேர். விடியற்காலை ஏர்போர்ட் டிரிப்புக்காக ஃபஜ்ருக்கு முன்பே கிளம்புகிறவர்கள் அவர்கள்.

வாகனம் ஒரு நிஃமத்

குதிரை, கோவேறு கழுதை, கழுதை ஆகியவற்றை நீங்கள் ஏறிச் செல்வதற்காகவும் அழகுக்காகவும் படைத்ததாகச் சொல்கிற அல்லாஹ், நீங்கள் அறியாதவற்றையும் படைப்பதாகச் சொல்கிறான் (அல்குர்ஆன் 16:8). இன்றைய காரும் பஸ்ஸும் விமானமும் அதில் அடங்கும் என்று பிற்கால விரிவுரையாளர்கள் எழுதியிருக்கிறார்கள். வாகனத்தில் அமர்ந்ததும் இறைவனின் அருளை நினைக்க வேண்டும். இதை நமக்கு வசப்படுத்தித் தந்தவன் அவனே, நம் சக்தியால் இது நடக்கவில்லை, நாம் அவனிடமே திரும்பிச் செல்கிறோம் என்று சொல்ல வேண்டும் என 43-வது அத்தியாயம் கற்றுத் தருகிறது.

அந்த துஆவின் கடைசிப் பகுதியைக் கவனியுங்கள். வண்டியில் ஏறுகிற நேரத்தில் மறுமையை ஏன் நினைவூட்ட வேண்டும்? ஒவ்வொரு பயணமும் கடைசிப் பயணமாக ஆகக்கூடும் என்பதால்தான் என்று அறிஞர்கள் சொல்வார்கள். மத்திய அரசின் கணக்குப்படி 2022-ஆம் ஆண்டில் மட்டும் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் இறந்தார்கள். தமிழ்நாட்டில் 17,884 பேர். நாளொன்றுக்கு ஏறத்தாழ 49 பேர். அந்த ஆண்டு நாட்டிலேயே அதிக விபத்துகள் நடந்த மாநிலம் நம்முடையதுதான்: 64,105 விபத்துகள். இவற்றில் பெரும்பகுதிக்கு வேகம்தான் காரணம் என்று அரசு சொல்கிறது. உண்மைதான். ஆனால் வேகமாகப் போன வண்டி கடைசி நொடியில் நிற்குமா, நிற்காதா என்பதை முடிவு செய்வது பிரேக்கும் டயரும்தானே?

கஹ்ஃப் அத்தியாயத்தின் படகு

இன்று வெள்ளிக்கிழமை. உங்களில் பலர் கஹ்ஃப் அத்தியாயத்தை ஓதியிருப்பீர்கள். அதில் மூஸா (அலை) அவர்களும் ஹிள்ர் (அலை) அவர்களும் ஒரு படகில் ஏறுகிறார்கள். படகுக்காரர்கள் ஹிள்ர் (அலை) அவர்களை அடையாளம் கண்டுகொண்டு, கூலி வாங்காமலேயே இருவரையும் ஏற்றிக்கொண்டார்கள் என்று புகாரியில் வருகிறது. வாகனம் ஓட்டிப் பிழைக்கிறவர்களின் தாராள மனதுக்கு இது பழைய சாட்சி. இன்றும் ஆலிம் என்று தெரிந்தால் "பரவாயில்ல ஹஸ்ரத்" என்று காசு வாங்காமல் போகிற ஆட்டோக்காரர்கள் உண்டு.

ஹிள்ர் (அலை) அவர்கள் படகில் ஓட்டை போட்டார்கள். மூஸா (அலை) அவர்கள் பொறுக்கவில்லை. அவர்கள் கேட்ட முதல் கேள்வி என்ன? படகு வீணாகிவிட்டதே என்றா? இல்லை. இதில் இருப்பவர்களை மூழ்கடிப்பதற்காகவா ஓட்டை போட்டீர் என்றே கேட்டார்கள் (18:71). ஒரு நபியின் கண் முதலில் போனது பொருளின் மீதல்ல. பயணிகளின் உயிர் மீது.

அந்தப் படகு கடலில் உழைக்கும் ஏழைகளுக்குச் சொந்தமானது, நல்ல படகுகளைப் பறித்துக்கொள்ளும் ஓர் அரசன் இருந்ததால் அதைப் பழுதாக்கினேன் என்று ஹிள்ர் (அலை) பிறகு விளக்கினார்கள் (18:79). அரசனைக் கடந்து போனதும் அவர்கள் அதைச் சரிசெய்து பயன்படுத்திக்கொள்வார்கள் என்ற விளக்கமும் புகாரியின் அறிவிப்பில் இருக்கிறது. பழுது அப்படியே விடப்படவில்லை. ஆபத்து நீங்கியதும் முதல் வேலை ரிப்பேர்தான்.

இந்த வசனத்தில் இன்னொரு சட்டமும் இருக்கிறது. அதைக் கடைசியில் சொல்கிறேன். நம் ஜமாஅத்துக்கு வேலை கொடுக்கிற சட்டம் அது.

விற்பவருக்கு: ஈரத்தை மேலே வையுங்கள்

நபி (ஸல்) அவர்கள் மதீனாவின் கடைவீதியில் ஒரு தானியக் குவியலைக் கடந்து போனார்கள். கையை உள்ளே விட்டுப் பார்த்தார்கள். விரல்களில் ஈரம் பட்டது. இது என்ன என்று கேட்டார்கள். மழையில் நனைந்துவிட்டது என்றார் வியாபாரி. மக்கள் பார்க்கும்படி நனைந்ததை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்டுவிட்டு, ஏமாற்றுகிறவர் தம்மைச் சார்ந்தவர் அல்லர் என்று எச்சரித்தார்கள் (முஸ்லிம்).

மழை பெய்தது வியாபாரியின் குற்றமா? இல்லை. நனைந்ததை விற்பது குற்றமா? அதுவும் இல்லை. நனைந்ததைக் கீழே தள்ளிக் காய்ந்ததை மேலே வைத்தாரே, அதுதான் குற்றம். இந்த ஹதீஸை மாங்காட்டுக்காரர்களுக்கு நான் விளக்க வேண்டியதே இல்லை. செம்பரம்பாக்கம் ஏரி நமக்குப் பக்கத்தில் இருக்கிறது. 2015 டிசம்பர் வெள்ளத்தையும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலையும் பார்த்தவர்கள் நாம். சென்னையில் எத்தனை கார்கள் கூரை வரை மூழ்கின! மூழ்கிய வண்டிக்கு இன்சூரன்ஸ் பணம் கொடுத்த பிறகு அந்த வண்டி ஏலத்துக்குப் போகும். அதை வாங்குகிற சிலர் கழுவி, சீட் கவர் மாற்றி, வாசனை அடித்து, "சிங்கிள் ஓனர், டாக்டர் வண்டி" என்று விற்றுவிடுவார்கள். ஐந்தாறு மாதத்தில் வயரிங் பூஞ்சை பிடிக்கும். ஏர்பேக்கை இயக்குகிற கருவி பல வண்டிகளில் தரைமட்டத்தில்தான் இருக்கிறது. தண்ணீர் குடித்த கருவி, விபத்து நேரத்தில் வேலை செய்யுமா என்பது யாருக்கும் தெரியாது. தானியத்தில் ஈரம் இருந்தால் வயிறு கெடும். காரில் ஈரம் இருந்தால் உயிர் போகும்.

எனவே பழைய வண்டி வாங்குகிறவர்களே, நபி (ஸல்) அவர்களைப் போலக் கையை உள்ளே விட்டுப் பாருங்கள். தரைவிரிப்பைத் தூக்குங்கள். சீட்டுக்கு அடியில் இருக்கும் கம்பியில் துரு ஏறியிருக்கிறதா, ஸ்டெப்னி வைக்கும் குழியில் வண்டல் படிந்திருக்கிறதா என்று பாருங்கள். சீட் பெல்ட்டை முழு நீளத்துக்கு இழுத்துப் பாருங்கள்; கழுவாத சேற்றுக் கறை அங்கேதான் மிச்சமிருக்கும். நல்ல மெக்கானிக்கைக் கூட்டிப் போங்கள். இது சந்தேக புத்தி அல்ல.

விற்கிறவர்களே, உங்களிடம் ஒரு வார்த்தை. குறையை எடுத்துச் சொல்லாமல் ஒரு முஸ்லிம் தன் சகோதரனுக்குக் குறையுள்ள பொருளை விற்பது ஆகுமானதல்ல என்று இப்னுமாஜாவில் வருகிறது. விற்பவரும் வாங்குபவரும் உண்மை பேசிக் குறையைத் தெளிவுபடுத்தினால் வியாபாரத்தில் பரக்கத் உண்டு, மறைத்தால் அந்தப் பரக்கத் அழிக்கப்படும் என்று புகாரியில் வருகிறது. மறைத்து விற்ற குறை பின்னால் தெரியவந்தால் பொருளைத் திருப்பிக் கொடுக்கும் உரிமை வாங்கியவருக்கு உண்டு என்பது ஃபிக்ஹ் சட்டம். 'கியாருல் ஐப்' என்று அதற்குப் பெயர். கிலோமீட்டர் ரீடிங்கைக் குறைத்து விற்பதும் இதே கணக்குதான். புதுப்பேட்டையில் பழைய உதிரிபாகம் வாங்கி மாட்டுவது தவறல்ல. பழையதைப் புதியது என்று பில் போடுவதுதான் தவறு.

உலக அளவில் நடந்த ஒன்றையும் கேளுங்கள். ஜப்பானின் தகாட்டா நிறுவனம் ஏர்பேக் தயாரித்து உலகெங்கும் கார் கம்பெனிகளுக்குக் கொடுத்தது. ஏர்பேக்கை விரியச் செய்கிற இரசாயனம் வெயிலிலும் ஈரப்பதத்திலும் நாளாக நாளாகக் கெட்டு, வெடிக்கும்போது உலோகத் துண்டுகளை முகத்தில் வீசியது. உயிரைக் காக்க வைத்த பொருள் உயிரை எடுத்தது. சோதனை முடிவுகளைத் திரித்துக் கொடுத்ததை 2017-இல் அமெரிக்க நீதிமன்றத்தில் அந்த நிறுவனமே ஒப்புக்கொண்டது. அதே ஆண்டில் திவாலானது. ஈரத்தைக் கீழே மறைத்த வியாபாரியின் கதையை அப்படியே பெரிதாக்கிப் பாருங்கள், இதுதான். இதற்கு நேர்மாறாக, ஒரு கம்பெனி "எங்கள் வண்டியில் இந்தக் குறை இருக்கிறது, கொண்டு வாருங்கள், இலவசமாக மாற்றித் தருகிறோம்" என்று அறிவித்தால் அது ஈரத்தை மேலே வைப்பது. அந்த அழைப்பை நாம் அலட்சியம் செய்யக் கூடாது. பல கம்பெனிகளின் இணையதளத்தில் உங்கள் சேஸிஸ் எண்ணைப் போட்டாலே, உங்கள் வண்டிக்கு அப்படி அழைப்பு இருக்கிறதா என்று தெரிந்துவிடும். மூன்று நிமிட வேலை.

எஃப்சி நாளின் டயர்

டாக்ஸி வண்டிக்கு எட்டு வருடம் வரை இரண்டு வருடத்துக்கு ஒருமுறையும், அதன் பிறகு வருடா வருடமும் தகுதிச் சான்று வாங்க வேண்டும் என்பது அரசின் விதி. இதில் ஒரு வழக்கம் இருப்பதாக நம் டிரைவர்களே சொல்கிறார்கள். எஃப்சி காட்டுகிற நாளுக்கு மட்டும் நண்பரிடம் நல்ல டயரை இரவல் வாங்கி மாட்டுவார்கள். சான்று கிடைத்ததும் கழற்றிக் கொடுத்துவிட்டு, மொட்டை டயரில் திரும்பி வருவார்கள்.

யோசித்துப் பாருங்கள். இன்ஸ்பெக்டரை ஏமாற்றியாயிற்று. டயரை ஏமாற்ற முடியுமா? மழை பெய்த மவுண்ட்–பூந்தமல்லி சாலையை ஏமாற்ற முடியுமா? கார் டயரின் பட்டன் 1.6 மில்லிமீட்டருக்குக் கீழே தேயக் கூடாது என்று சட்டம் சொல்கிறது. அந்த அளவைக் காட்டும் சிறு மேடு டயரின் பள்ளத்துக்குள்ளேயே வைக்கப்பட்டிருக்கிறது. பட்டன் அந்த மேட்டுக்குச் சமமாகத் தேய்ந்துவிட்டால் டயரின் ஆயுள் முடிந்தது. பள்ளம் இல்லாத டயருக்குத் தண்ணீரை வெளியே தள்ள வழியில்லை. வண்டி தண்ணீர் மேல் மிதக்கும்; பிரேக் போட்டாலும் வழுக்கும். தகுதிச் சான்று என்பது நம்மை நம்பி ஏறுகிற ஒரு குடும்பத்துக்கு நாம் கொடுக்கிற வாக்குறுதி. பொய்யாக வாங்கிய சான்று பொய் சாட்சியின் இனத்தைச் சேர்ந்தது.

ஓட்டுநருக்கு: ஒட்டகத்தைக் கட்டுங்கள்

"எல்லாம் அல்லாஹ் பாத்துக்குவான்" என்பது நம்மிடம் சாதாரணமாகப் புழங்குகிற வார்த்தை. ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைப்பதா, அவிழ்த்துவிட்டுத் தவக்குல் வைப்பதா என்று ஒருவர் கேட்டபோது, கட்டிவிட்டுத் தவக்குல் வையும் என்றார்கள் நபி (ஸல்) அவர்கள் (திர்மிதீ). நூஹ் (அலை) அவர்களை நினைத்துப் பாருங்கள். காப்பாற்றப் போவது அல்லாஹ். அதில் அவர்களுக்குச் சந்தேகமே இல்லை. அப்படியிருந்தும் கப்பலைக் கட்டச் சொன்னான். அது பலகைகளாலும் ஆணிகளாலும் ஆனது என்று குர்ஆன் குறிப்பிடுகிறது (54:13). அற்புதத்தால் காப்பாற்றக்கூடியவன் ஆணியை ஏன் குறிப்பிட்டான்? ஆணியை இறுக அடிப்பது தவக்குலுக்கு எதிரானது அல்ல என்று நமக்குப் புரிவதற்காகத்தான்.

எனவே வண்டியை எடுக்கும் முன் துஆ ஓதுங்கள். அதற்கு முன் ஐந்து நிமிடம் வண்டியைச் சுற்றி வாருங்கள். டயரில் காற்று, பட்டன், பக்கவாட்டில் வீக்கம் இருக்கிறதா என்று பாருங்கள். பிரேக் ஆயில் அளவைப் பாருங்கள். அந்த ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கக்கூடியது. இரண்டு வருடத்துக்கு ஒருமுறையாவது மாற்ற வேண்டும் என்பது பொதுவான அளவு. பெடல் தரைவரை போனால் ஆயில் கசிகிறது, அல்லது லைனில் காற்று புகுந்திருக்கிறது. "பம்ப் பண்ணி ஓட்டிக்கலாம்" என்று சொல்கிற அனுபவஸ்தர் பேச்சைக் கேட்காதீர்கள். சிஎன்ஜி வண்டியாக இருந்தால் சிலிண்டருக்கு மூன்று வருடத்துக்கு ஒருமுறை சோதனை உண்டு. தேதி தாண்டிவிட்டதா என்று பாருங்கள்.

பின் சீட் பெல்ட் இன்னொரு விஷயம். எத்தனை டாக்ஸிகளில் அதன் கொக்கி சீட் கவருக்கு அடியில் புதைந்து கிடக்கிறது! 2022 செப்டம்பர் 4 அன்று மும்பைக்கு அருகே பால்கரில் தொழிலதிபர் சைரஸ் மிஸ்திரி இறந்த விபத்தை நினைத்துப் பாருங்கள். விலை உயர்ந்த சொகுசுக் கார். பின்னால் இருந்த இருவரும் பெல்ட் போடவில்லை என்று போலீஸ் சொன்னது. அந்த இருவரும்தான் இறந்தார்கள். இன்று வீட்டுக்குப் போனதும் சீட் கவரைத் தூக்கி அந்தக் கொக்கியை வெளியே எடுத்து வையுங்கள். பாதையில் கிடக்கும் தொல்லையை அகற்றுவது ஈமானின் ஒரு கிளை என்றால், பயணியின் உயிரைக் காக்கும் கொக்கியை வெளியே எடுப்பதும் அதன் ஓர் இலைதான்.

வண்டிக்கு உள்ள ஹக்கைப் போல உங்கள் உடலுக்கும் ஹக் உண்டு. உடலுக்கும் கண்ணுக்கும் உரிமை உண்டு என்று அப்துல்லாஹ் இப்னு அம்ர் (ரலி) அவர்களுக்கு நபி (ஸல்) அவர்கள் உணர்த்தினார்கள் (புகாரி). அது வணக்கத்தில் அளவு மீறுகிறவருக்குச் சொன்னது. இன்சென்டிவ் கணக்கை முடிப்பதற்காகப் பதினாறு மணி நேரம் ஓட்டுகிறவருக்கு அது எவ்வளவு பொருந்தும்! கண் சொருகுகிற டிரைவர், பிரேக் இல்லாத வண்டி, இரண்டும் ஒன்றுதான்.

ஓனருக்கும் மெக்கானிக்குக்கும்

வயிறு முதுகோடு ஒட்டிப்போன ஓர் ஒட்டகத்தை நபி (ஸல்) அவர்கள் கண்டார்கள். வாய் பேசாத இந்தப் பிராணிகள் விஷயத்தில் அல்லாஹ்வை அஞ்சுங்கள், அவை நல்ல நிலையில் இருக்கும்போது அவற்றில் ஏறுங்கள் என்று உபதேசித்தார்கள் (அபூதாவூத்). கார் வாய் பேசாது. ஆனால் அதை ஓட்டுகிறவர் பேசுகிறாரே! "பிரேக் பிடிக்கலை" என்று ஒரு டிரைவர் வந்து சொன்ன பிறகு, உங்களுக்குத் தெரியாது என்று மறுமையில் சொல்ல முடியாது.

இந்த நாட்டுச் சட்டமும் அதையேதான் சொல்கிறது. 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் 190-வது பிரிவில், ஆபத்தான பழுதுள்ள வண்டியைத் தெரிந்தே ஓட்டுபவரை மட்டுமல்ல, ஓட்டச் செய்பவரையும் ஓட்ட அனுமதிப்பவரையும் சேர்த்தே குற்றவாளியாக்குகிறது. சாதாரணக் கவனம் செலுத்தியிருந்தால் தெரிந்திருக்கும் என்றாலும் தப்பிக்க முடியாது. தீங்கு செய்யவும் கூடாது, பதிலுக்குத் தீங்கு செய்யவும் கூடாது என்பது நம் ஷரீஅத்தின் அடிப்படை விதிகளில் ஒன்று. வாடகைக்கு விடுகிற பொருளை அது எதற்காக விடப்பட்டதோ அதற்குத் தகுதியான நிலையில் வைத்துக்கொடுப்பது உரிமையாளரின் பொறுப்பு என்று ஃபிக்ஹ் நூல்களில் வாடகைப் பாடத்தில் படிக்கிறோம். வீட்டுக்குக் கதவு போட்டுத் தருவதைப் போல, காருக்குப் பிரேக் போட்டுத் தருவது ஓனரின் கடமை. அதை டிரைவரின் தினக்கூலியில் கழிப்பது நியாயமாகாது.

மெக்கானிக் சகோதரர்களே! மருத்துவம் அறியாமல் மருத்துவம் பார்த்தவர் நேர்ந்த சேதத்துக்குப் பொறுப்பாளி என்று ஹதீஸில் வருகிறது (அபூதாவூத்). உங்கள் கையில் இருப்பதும் உயிர்தான். ஏர்பேக், ஏபிஎஸ் போன்றவற்றில் உங்களுக்குத் தெரியாத வேலை என்றால், தெரியாது என்று சொல்லி, தெரிந்தவரிடம் அனுப்புங்கள். எச்சரிக்கை விளக்கு எரிகிறது என்பதற்காக அதன் வயரைப் பிடுங்கிவிட்டு "சரியாயிடுச்சு" என்று அனுப்பாதீர்கள்.

பயணிக்கு

நம்மில் பெரும்பாலோர் பயணிகள். நமக்கும் பங்கு உண்டு. "டிரெயின் போயிடும், விட்டு அழுத்துங்க" என்று பின்னாலிருந்து விரட்டுவது நாம். ஐந்து பேர் வண்டியில் எட்டுப் பேர் ஏறுவது நாம். பெல்ட் போடுங்கள் என்று டிரைவர் சொன்னால் முகம் சுளித்து ரேட்டிங்கைக் குறைப்பதும் நாம். குறித்த நேரத்துக்குக் கால் மணி நேரம் முன்னால் கிளம்பினால் எல்லோருக்கும் நிம்மதி.

டிரைவர்களே, உங்கள் வண்டியில் ஏறுகிறவர் யார் என்று பார்க்காதீர்கள். மாங்காடு காமாட்சி அம்மன் கோயிலுக்கு வெளியூரிலிருந்து வருகிற குடும்பம் உங்கள் வண்டியில் ஏறலாம். இராமச்சந்திரா மருத்துவமனைக்குப் போகிற நோயாளி ஏறலாம். யாருடைய உயிருக்கும் பொருளுக்கும் மக்கள் அச்சமற்று இருக்கிறார்களோ அவரே முஃமின் என்று நபி (ஸல்) அவர்கள் அடையாளம் சொன்னார்கள் (திர்மிதீ). மக்கள் என்றார்கள், முஸ்லிம்கள் மட்டும் என்று சொல்லவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு பின் சீட்டில் ஒருவர் தூங்கிப்போனால், அவர் தன் உயிரை உங்களிடம் அமானிதமாகக் கொடுத்துவிட்டார் என்று பொருள்.

அந்தத் தம்பிக்குப் பதில்

இப்போது அவர் கேட்ட மஸ்அலாவுக்கு வருகிறேன். ஒருவரை ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குக் கொண்டு சேர்த்ததற்கு வாங்கிய கூலியை ஹராம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் பிரேக் பிடிக்காது என்று தெரிந்தே பயணியை ஏற்றுவது பாவம். உங்கள் கைகளாலேயே அழிவைத் தேடிக்கொள்ளாதீர்கள் என்று அல்லாஹ் தடுக்கிறான் (2:195). அடுத்தவரை அந்த அழிவில் உட்கார வைப்பது அதைவிடப் பெரிது. எனவே அந்த வண்டியை ஓட்டக் கூடாது. வேலை போனாலும் ஓட்டக் கூடாது.

இதைச் சொல்ல எனக்கு நாக்கு கூசியது. மாதம் பிறந்தால் சம்பளம் வாங்குகிற இமாம், தினக்கூலிக்காரரைப் பார்த்து "ஓட்டாதே" என்று சொல்வது எளிது. அவர் வீட்டு அடுப்பு? பிள்ளையின் பள்ளிக் கட்டணம்? சட்டத்தை மட்டும் சொல்லிவிட்டுப் போனால், முதல் நாள் செய்த தவறையே வேறு விதமாகச் செய்தவனாவேன்.

அங்கேதான் அந்தப் படகு வசனத்தின் சட்டம் வருகிறது. சொந்தமாகப் படகு வைத்திருந்தவர்களை அல்லாஹ் மிஸ்கீன்கள் என்று அழைக்கிறான். கையில் தொழிற்கருவி இருந்தும் வருமானம் தேவைக்குப் போதவில்லை என்றால் அவர் மிஸ்கீனே என்பதற்கு ஷாஃபிஈ மத்ஹபின் அறிஞர்கள் இந்த வசனத்தை ஆதாரம் காட்டுகிறார்கள். ஜகாத் பெறும் எட்டுப் பிரிவினரில் மிஸ்கீன்களும் கடனாளிகளும் உண்டு (9:60). நாம் என்ன நினைக்கிறோம்? "அவனுக்குக் கார் இருக்கு, அவனுக்கென்ன ஜகாத்?" என்கிறோம். அந்தக் காரின் ட்யூ இரண்டு மாதம் தவறினால் வண்டியைத் தூக்கிக்கொண்டு போக ஆள் நிற்கிறது. படகைப் பறிக்கிற அரசன் இன்றும் இருக்கிறான் சகோதரர்களே!

அந்த ஓனரிடம் நிர்வாகிகள் இருவரோடு நானே போய்ப் பேசினேன். அவர் கெட்டவர் அல்ல. இரண்டு வண்டிக்கு ட்யூ கட்டிக்கொண்டு அவரும் மூச்சுத் திணறிக்கொண்டிருந்தார். நம் பைத்துல்மாலிலிருந்து வட்டியில்லாக் கடன் கொடுத்தோம். வண்டி புதன்கிழமை வொர்க்‌ஷாப்புக்குப் போனது. மெக்கானிக் பழைய பிரேக் பேடைக் கழற்றி என் உள்ளங்கையில் வைத்தார். தேய வேண்டியதெல்லாம் தேய்ந்து வெறும் இரும்புத் தகடு மட்டும் மிச்சமிருந்தது. பின்னால் ஆயிலும் கசிந்திருந்தது. இந்த வண்டியில்தான் அதற்கு முந்தைய நாள் வரை ஏர்போர்ட்டுக்கு ஆள் ஏற்றியிருக்கிறார். செலவு சில ஆயிரம் ரூபாய்தான். அந்தச் சில ஆயிரம் இல்லாததால் எத்தனை உயிர்கள் தொங்கிக்கொண்டிருந்தன!

எனவே ஜமாஅத்தின் முன் ஒரு கோரிக்கை வைக்கிறேன். பிரேக், டயர், சீட் பெல்ட் ஆகிய மூன்றுக்கும் மட்டும் வட்டியில்லாக் கடன் தருவதற்கு பைத்துல்மாலில் ஒரு தனிக் கணக்கைத் திறக்கலாம். திருப்பிக் கட்ட இயலாத ஏழைக்கு ஜகாத்திலிருந்து உதவலாமா என்பதை உலமாக்கள் உட்கார்ந்து ஒவ்வொருவர் நிலையையும் பார்த்து முடிவு செய்வோம். மெக்கானிக் வேலை தெரிந்த சகோதரர்கள் மாதம் ஒரு ஞாயிறு ஃபஜ்ருக்குப் பிறகு இரண்டு மணி நேரம் கொடுங்கள். எந்த டிரைவரும், எந்த மதத்தைச் சேர்ந்தவரும், வண்டியைக் கொண்டு வந்து காட்டிக்கொள்ளட்டும். பள்ளிவாசல் வாசலில் அது நடக்கட்டும். வெயில் காலத்தில் மோர்ப் பந்தல் வைக்கிறோமே, இது அதைவிட நன்மை குறைந்ததாக இருக்காது.

எழுத்தில் படிக்கிற சகோதர சகோதரிகளே, உங்கள் ஊரில், உங்கள் மஹல்லாவில் இதைப் பேசிப் பாருங்கள். வாகனம் வைத்திருப்பவர் இன்று அஸருக்கு முன் ஒரு முறை கீழே குனிந்து டயரைப் பாருங்கள். கையை வைத்துப் பாருங்கள்.

யா அல்லாஹ்! எங்கள் பயணங்களைப் பாதுகாப்பானதாக ஆக்குவாயாக! ஹலாலான வருமானத்தில் பரக்கத் செய்வாயாக! குறையை மறைக்காத வியாபாரிகளாக, டிரைவரின் பேச்சைக் காது கொடுத்துக் கேட்கிற உரிமையாளர்களாக, அமானிதம் காக்கிற ஓட்டுநர்களாக எங்களை ஆக்குவாயாக! சாலை விபத்தில் இறந்தவர்களின் குடும்பங்களுக்குப் பொறுமையைத் தருவாயாக! வீட்டை விட்டுக் கிளம்பிய ஒவ்வொருவரையும் நலமாக வீடு திரும்பச் செய்வாயாக! ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.

வஆகிரு தஃவானா அனில் ஹம்துலில்லாஹி ரப்பில் ஆலமீன்.